துன்பத்திலிருந்து தப்பும் நரம்புப் பாதை

அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபின், அதை மாற்றிச் செய்யப்படும் ஹெராயின், முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே உருவாகும் ஃபென்டனில் ஆகியவை ஓபியாய்டுகள் என்ற ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மனிதர் அடிமையாவதற்கு இவை தரும் இன்பமே காரணம் என்ற கருத்து பொதுமக்களிடம் மட்டுமன்றி ஆய்வாளர்களிடமும் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1954-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனையைப் பொருத்தியபோது, தன் மூளைக்குத் தானே மின்தூண்டல் பெறுவதற்காக அது நெம்புகோலை மீண்டும் மீண்டும் அழுத்தியது அக்கருத்துக்கு வலுவூட்டியது.

1973-இல் பால்டிமோர், நியூயார்க், ஸ்வீடனின் உப்சாலா ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள், ஓபியாய்டுகள் வந்து பொருந்துவதற்கென்றே மூளையில் ஏற்பிகள் இருப்பதை உறுதிசெய்தன. ஏற்பி என்பது நரம்பணுவின் மேற்பரப்பில் அமைந்து, தனக்குரிய வேதிப்பொருள் வந்து சேரும்போது மட்டும் செயல்படத் தொடங்கும் புரதமாகும். இவற்றுள் மியூ ஏற்பியே முதன்மையானது என்பது 1996-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஆய்வில் ஐயமின்றித் தெரியவந்தது. மியூ ஏற்பி உருவாகாதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மார்ஃபின் வலியையும் தணிக்கவில்லை, இன்பத்தையும் தரவில்லை, அதை நிறுத்தியபோது அவற்றுக்குத் துன்பமும் நேரவில்லை. நாட்டமும் வேதனையும் ஒரே புரதத்தின் வழியே நிகழ்கின்றன என்றால், இரண்டையும் வேறுபடுத்துவது அந்த ஏற்பி மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

இன்பத்தின் இடம் முதலில் புலப்பட்டது. நடுமூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்னும் வேதித்தூதைச் சுரக்கும் நரம்பணுக்களும், காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை அடக்கிவைக்கும் அண்டை நரம்பணுக்களும் அருகருகே உள்ளன. ஸ்டீவன் ஜான்சனும் ஆலன் நார்த்தும் 1992-இல் எலி மூளைச் சீவல்களில் அளந்து காட்டியபடி, ஓபியாய்டு டோபமைன் அணுக்களை நேரடியாகத் தூண்டுவதில்லை. அவற்றை அடக்கும் காபா அணுக்களையே அது ஓயவைக்கிறது. கடிவாளம் தளர்ந்த குதிரையைப் போல டோபமைன் அணுக்கள் விரைந்து இயங்க, அவற்றின் இழைகள் சென்றடையும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற முன்மூளைப் பகுதியில் டோபமைன் பெருகுகிறது.

ஆனால் பல மாதங்களாக மருந்தெடுப்பவரிடம் இந்த விளக்கம் போதுமானதாக இல்லை. அவர் பெறும் இன்பம் தேய்ந்துபோன பின்பும் தேடல் தேய்வதில்லை. மருந்து நின்ற சில மணி நேரத்திலேயே வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, சொல்லில் அடங்காத மனக்கலக்கம் ஆகியவை தொடங்குகின்றன. மருத்துவர்கள் இவற்றை விலகல் அறிகுறிகள் என்பர். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு அணுத்தொகுதி, ஓபியாய்டின் இடைவிடாத அடக்குதலை ஈடுசெய்யத் தன் உள்வேதியியலை முடுக்கிக்கொள்கிறது. அடக்கும் மருந்து திடீரென்று அகன்றதும் அந்த முடுக்கம் மட்டும் எஞ்சிநிற்க, அணுக்கள் கட்டுமீறி இயங்குகின்றன. உடல் அறிகுறிகளில் பலவற்றை இது விளக்கினாலும், மனக்கலக்கத்தின் வேரை வேறிடங்களிலும் தேட வேண்டியிருந்தது.

2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மார்ஃபின் பழகிய சுண்டெலிகளில், மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்னும் பகுதியில் நடுக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குச் செல்லும் இணைப்புகள் வலுப்பெற்றிருப்பதையும், அவற்றை ஒளித்தூண்டலால் பழைய நிலைக்குத் தளர்த்தும்போது விலகல் அறிகுறிகள் மறைவதையும் காட்டியது. 2024-இல் ஜெனீவாவில் கிறிஸ்டியன் லூஷர் தலைமையில் நடந்த ஃபென்டனில் ஆய்வு இன்னும் தெளிவானது. நடுமூளையில் மட்டும் மியூ ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளிடம் மருந்து நாட்டம் மறைந்தது, விலகல் துன்பமோ அப்படியே நீடித்தது. அச்சவுணர்வோடு தொடர்புடைய அமிக்டலாவின் மையப்பகுதியில் அதை நீக்கியபோது துன்பம் அகன்றது. மியூ ஏற்பியைத் தாங்கிய அந்த அமிக்டலா அணுக்களை ஒளியிழை வழியே தூண்டியபோது, சுண்டெலிகள் நெம்புகோலை அழுத்தி அத்தூண்டலை நிறுத்த விரைவில் கற்றுக்கொண்டன. ஓல்ட்ஸின் எலி தூண்டலைப் பெறுவதற்காக நெம்புகோலை அழுத்தியது. ஜெனீவாவின் சுண்டெலி அதிலிருந்து விடுபடுவதற்காக அழுத்தியது. அடிமைப்பட்டவரை நீண்டகாலம் மருந்தோடு பிணைத்துவைப்பதில் இந்த இரண்டாவது அழுத்தத்துக்கே பெரும்பங்கு உண்டு என்று கருத வலுவான இடமிருக்கிறது.

எனவே, மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகளால் அளிக்கப்படும் சிகிச்சையை ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று பழிப்பது பிழையானது மட்டுமல்ல, கொடுமையானதும்கூட. இவை மெதுவாகவும் நீடித்தும் அதே மியூ ஏற்பியில் செயல்பட்டு, துன்பச் சுற்று விழித்தெழாமல் காக்கின்றன. மன உறுதி ஒன்றையே நம்பி எல்லா மருந்தையும் நிறுத்துபவரிடம், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு அணுக்கள் ஓபியாய்டைத் தாங்கப் பெற்றிருந்த பழக்கம் சில நாட்களிலேயே குறையத் தொடங்குகிறது. வேட்கையோ அவ்வளவு விரைவில் குறைவதில்லை. பழைய அளவை அவர் மீண்டும் எடுக்கும் அன்று மூச்சு நின்றுபோகலாம். அந்த அணுக்களைப் பற்றியும், மூச்சை மீட்டுத்தரும் நலாக்சோன் பற்றியும் அடுத்த பகுதி விளக்கும்.