அடித்த சொல்: பாஸ்கியாவும் ஹிப் ஹாப்பும்

ழான்-மிஷேல் பாஸ்கியாவைப் (1960–1988) பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இசை என்று வந்தால் ஜாஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சார்லி பார்க்கரையும் டிஸ்ஸி கில்லெஸ்பியையும் அவர் வரைந்தது உண்மைதான். ஆனால் ஜாஸ் அவருடைய பொருள், ஹிப் ஹாப் அவருடைய முறை என்பது என் வாதம். பொருளை எந்த மியூசியமும் சுவரில் மாட்டிக்கொள்ளும். முறை என்று வந்தால்தான் சங்கடம்.

முறை என்று எதைச் சொல்கிறேன்? 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விருந்துகளுக்கு இசைத்தட்டு போடத் தொடங்கிய டி.ஜே. கூல் ஹெர்க், ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு பிளேயர்களில் வைத்தார். பாடுகிறவர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில விநாடிகளை மாற்றிமாற்றி ஓட்டி நிமிஷக்கணக்கில் நீட்டினார். கேட்பதற்காக விற்கப்பட்ட சரக்கு, வாசிக்கிற கருவியாகிவிட்டது. நுகர்கிறவன் உற்பத்தி செய்கிறவனாகிவிட்டான்.

இனி பாஸ்கியாவின் கேன்வாஸுக்கு வரலாம். தான் வரைந்த தாளை ஜெராக்ஸ் எடுக்கிறார். அதே நகலைத் திரும்பத்திரும்ப ஒட்டுகிறார். மேலே அக்ரிலிக்கைப் பூசி, எண்ணெய்வண்ணக் குச்சியால் எழுதுகிறார். தெருவில் கிடந்த கதவு, ஜன்னல் எல்லாம் கேன்வாஸாகின்றன. (ஏழு வயதில் கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா கொடுத்த உடற்கூறியல் புத்தகத்திலிருந்து எலும்புகள் வருகின்றன.) எழுதிய சொல்லைக் குறுக்கே அடித்தும் விடுகிறார். அடித்தால்தான் உற்றுப் படிப்பார்கள் என்பது அவரே தந்த விளக்கம். ஊசிக்கடியில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கிற டி.ஜே.யும் இதைத்தானே செய்கிறான்? ஒலி அழிவதில்லை; அது ஒரு தட்டிலிருந்து வருகிறது என்ற ரகசியம் வெளிப்பட்டுவிடுகிறது.

உறவு நேரடியானதும்கூட. ராம்மெல்ஸீயும் கே-ராப்பும் பாடிய 'பீட் பாப்' இசைத்தட்டை 1983-இல் தயாரித்தவர் பாஸ்கியா, அட்டைப்படமும் அவருடையதே. சுமார் 500 பிரதிகள்தாம். அதே ஆண்டின் 'ஹாலிவுட் ஆஃப்ரிகன்ஸ்' ஓவியத்தில் ராம்மெல்ஸீ, டாக்ஸிக் என்ற இரு சுவரெழுத்துக்காரர்களோடு தானும் நிற்கிறார். சுற்றிலும் கரும்பு, புகையிலை என்று அடிமைத் தோட்டங்களின் சொற்கள். சினிமாவின் மினுமினுப்புக்குள் வரலாறு வெட்டி ஒட்டப்படுகிறது.

இதையெல்லாம் 'கட்டற்ற இயல்பான வேகம்' என்று விமர்சகர்கள் பாராட்டும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கறுப்பன் யோசித்துச் செய்ததை உடம்பு செய்ததாக மாற்றுகிற பாராட்டு அது.

உத்தி பற்றி மட்டும் பேசி முடித்துவிடவும் முடியாது. 1970-களின் கடைசியில் பாஸ்கியாவும் அல் டயஸும் 'சாமோ' என்ற பெயரில் மன்ஹாட்டன் சுவர்களில் எழுதித் திரிந்தார்கள். 1983 செப்டம்பரில், சுரங்க ரயில் நிலையத்தில் கிறுக்கினார் என்று மைக்கேல் ஸ்டீவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் பிடித்தது. அவர் நினைவிழந்து கிடந்து, அந்த மாதமே இறந்தார். வழக்கில் நின்ற ஆறு போலீஸ்காரர்களும் 1985-இல் விடுதலையானார்கள். பாஸ்கியாவின் இன்னொரு கிறுக்கல், 1982-இல் வரைந்தது, 2017-இல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஸ்டீவர்ட் இறந்தபின் நண்பர் கீத் ஹாரிங்கின் ஸ்டுடியோச் சுவரிலேயே பாஸ்கியா ஒரு படம் வரைந்தார். தடியோங்கிய இரண்டு போலீஸ். நடுவே முகமில்லாத கறுப்பு உருவம். மேலே, கேள்விக்குறிகளுக்கிடையில், ஸ்பானிய மொழிபோல் ஒலிக்கிற 'டிஃபாசிமென்டோ' என்ற சொல். சுவரைக் கெடுத்த குற்றத்துக்கான ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. அந்தச் சொல்லுக்குள் 'முகம்' இருக்கிறது: கெட்டது சுவரா, முகமா? இது விற்பதற்காக வரைந்த படமில்லை. ஹாரிங் அந்தச் சுவர்த்துண்டை வெட்டியெடுத்து, சட்டம் போட்டு, தன் படுக்கைக்கு மேலே மாட்டிவைத்திருந்தார்.