லெய்டனில் பயின்றோர் எழுதிய தமிழகம்: ரொஜேரியஸ், பல்தேயஸ் நூல்களின் சான்றுமதிப்பு

திறவுச்சொற்கள்: லெய்டன் பல்கலைக்கழகம், ஒல்லாந்தர், பழவேற்காடு, யாழ்ப்பாணம், மூலச்சான்று

முன்னுரை

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலோடு கலக்கிறது. அங்கும், அதற்கு வடக்கேயுள்ள தேவனாம்பட்டினத்திலும் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் பண்டகசாலைகள் இயங்கின. துணி வாங்க வந்த அக்கும்பினியோடு சமயப் போதகர்களும் வந்தனர். அவர்களுள் சிலர் 1575இல் நிறுவப்பெற்ற லெய்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். தமிழ் ஆய்வுலகம் லெய்டன் என்னும் பெயரை ஆனைமங்கலச் செப்பேடுகளாலேயே பெரிதும் அறியும். அங்குப் பயின்றோர் தமிழ்நிலம் பற்றி எழுதிய நூல்கள் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆயினும் மேற்கோளாகப் பலகாலும் எடுத்தாளப்படுகின்றன. அந்நூல்கள் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

லெய்டன் அளித்த பயிற்சி

கீழைநாடுகளுக்குப் போதகர்களை ஆயத்தப்படுத்தும் பொருட்டுக் கும்பினியின் செலவில் 1622இல் லெய்டனில் ஒரு பயிலகம் தொடங்கப்பட்டது. இறையியல் பேராசிரியர் அந்தோனியஸ் வாலேயஸ் அதன் பொறுப்பை ஏற்றார். மாணவர்கள் அவர் இல்லத்திலேயே தங்கிப் பயின்றனர். பத்தாண்டளவே நிலைத்த அப்பயிலகம் 1630களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. லெய்டனில் 1613 முதல் எர்பேனியஸ் அரபு மொழியைக் கற்பித்து வந்தார், எபிரேயமும் கற்பிக்கப்பட்டது. தமிழ் கற்பிப்பார் அங்கு எவரும் இலர். எனவே அங்கிருந்து வந்தோர் பிறர் சமயத்தை மறுத்துரைக்கும் பயிற்சியோடு வந்தனரேயன்றி, அச்சமயத்தாரின் மொழியறிவோடு வரவில்லை. மொழிக்கு ஈடாக எதனைக் கொண்டனர் என்பதே அவர்தம் நூல்களின் தன்மையைத் தீர்மானித்தது.

பழவேற்காட்டில் ரொஜேரியஸ்

வாலேயஸின் மாணவரான ஆபிரகாம் ரொஜேரியஸ் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் போதகராக இருந்தார். ஒல்லாந்தர் அங்கு 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பியிருந்தனர். அவ்வூரில் வாழ்ந்த பத்மநாபன் என்னும் அந்தணரிடம் போர்த்துக்கீசிய மொழி வாயிலாக உரையாடி, அவர் கூறியவற்றைத் தொகுத்தார். அந்தணர் வாழ்வும் ஒழுக்கமும் ஒரு பகுதியாகவும், நம்பிக்கையும் வழிபாடும் மறுபகுதியாகவும் அமைந்த அந்நூல், ரொஜேரியஸ் 1649இல் மறைந்தபின், 1651இல் லெய்டனில் அச்சேறியது. ‘மறைந்துள்ள புறச்சமயத்திற்குத் திறந்த கதவு’ என்பது அதன் தலைப்பின் பொருள். 1663இல் செருமானியத்திலும் 1670இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. தலைப்பில் பகைமை தோன்றினும், உள்ளே பெரும்பாலும் கேட்டதைக் கேட்டவாறு பதியும் நிதானமே காணப்படுகிறது. மறுக்க வந்தவர் செவிமடுத்தார் எனலாம்.

நான்கு வேதங்களின் பெயர்களை அவர் ரொக்கோவேதம், இசோரேவேதம், சாமவேதம், அதெரவனவேதம் என்று எழுதியுள்ளார். இவ்வடிவங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ‘வேதம்’ என மகரத்தில் முடிவது வடமொழி ஏட்டைப் பார்த்து எழுதியதன்று. தென்னாட்டு நாவிலிருந்து செவிவழிப் பெற்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய பழவேற்காட்டின் பேச்சுச் சூழலுக்கு இஃது ஒரு தடயம். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களும் இந்நூல் வழியாகவே முதன்முதல் ஐரோப்பிய மொழியொன்றை அடைந்தன.

எனினும் இதனைத் ‘தமிழர் சமயம் பற்றிய நூல்’ எனக் கொள்வது பொருந்தாது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் பத்தாண்டுகள் வாழ்ந்தவரின் நூலில் முன்னிற்பது வடமொழி நூல்வழி வந்த அந்தணர் மரபே. தகவலாளர் ஒருவரைப் பெரிதும் சார்ந்ததன் விளைவு இது. ஒரு கற்றறிந்த அந்தணர் அயலவர் ஒருவருக்குத் தம் சமயத்தை எவ்வாறு எடுத்துரைத்தார் என்பதற்கு இந்நூல் அரிய சான்று; பழவேற்காட்டு நெசவாளரும் செம்படவரும் எதனை வழிபட்டனர் என்பதற்கு அவ்வளவாகச் சான்றாகாது.

யாழ்ப்பாணத்தில் பல்தேயஸ்

தெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்து லெய்டனில் இறையியல் பயின்ற பிலிப்பஸ் பல்தேயஸின் நிலை வேறு. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் அங்குப் போதகராகிச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய பெருநூல் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை விவரிக்கிறது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்க் கோயிற்பற்றுகளைக் காட்டும் செதுக்கோவியங்களும் அதில் உள்ளன. தமிழ் எழுத்துகளும் ஒரு சுருக்கமான இலக்கண அறிமுகமும் அதில் இடம்பெற்றன. ஒல்லாந்தர் வழக்கப்படி தமிழ் அங்கு ‘மலபார் மொழி’ எனப்படுகிறது. இப்பெயரைக் கண்டு மலையாளம் எனக் கருதிவிடுதல் கூடாது.

இந்நூலின் சமயப் பகுதியில்தான் இடர் மிகுதி. சிவன், திருமால் முதலிய கடவுளர் கதைகளை விரித்துரைக்கும் அப்பகுதியை 17ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணச் சைவத்தின் நேரடிப் பதிவாகக் கொள்ளும் ஆய்வாளர் உளர். ஆனால் மலபார்க் கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஃபெனிச்சியோவின் போர்த்துக்கீசியக் கையெழுத்துப்படியிலிருந்து அதன் பெரும்பகுதி, மூலவர் பெயர் கூறப்படாமலேயே, எடுக்கப்பட்டது. ஃபெனிச்சியோவின் நூலை 1933இல் பதிப்பித்த ஜார்ல் சார்பென்டியர் இக்கடனை வெளிப்படுத்தினார். ஆகவே அக்கதைகள் கேரளக் கரையில், அரை நூற்றாண்டுக்கு முன்னர்த் தொகுக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்திற்கு அவற்றைச் சான்றாக்குவது காலத்தாலும் இடத்தாலும் பிழை.

அவர் தாமே கண்டவை இதனின் வேறு. கோயிற்பற்றுகள், பள்ளிகள், அவற்றின் மாணவர் தொகை பற்றி எழுதுமிடங்களில் அவர் பணிப் பொறுப்பில் இருந்தவர். அப்பகுதிகளுக்கு நிகரான சமகாலப் பதிவு அரிது. தமிழ் எழுத்துப் பகுதியும் அவ்வாறே. பிழைகள் உண்டு, அவை அயலவர் ஒருவர் தமிழை எங்ஙனம் கேட்டார் என்பதைக் காட்டுகின்றன.

இருவரையும் ஒருங்கு நோக்கின் ஒரு முரண் புலப்படும். தமிழ் இலக்கணத்தை அறிமுகம் செய்த பல்தேயஸ் சமயத்தைப் பிறர் ஏட்டிலிருந்து எடுத்தார். போர்த்துக்கீசியத்தில் உரையாடிய ரொஜேரியஸோ அதனை வாழும் மனிதர் ஒருவரிடம் கேட்டு எழுதினார். தமிழ் எழுத்தியலையே ஆய்வுப்பொருளாகக் கொண்ட லெய்டன் மாணவரைக் காண நெடுங்காலம் ஆயிற்று. அங்கேயே பயின்று 1939இல் அங்கேயே பேராசிரியரான எஃப். பி. ஜே. கொய்பர், தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகக் கூறும் ஆய்தத்தின் ஒலிநிலை பற்றி 1958இல் கட்டுரை வெளியிட்டார்.