கண் கண்டதும் காமிரா கண்டதும்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போய் வந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவில் என்னை நிறுத்தித் தன் கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினான். முதல் படத்தில் தொலைவு மலைகள் எல்லாம் நீலப் புகையாய்க் கரைந்திருந்தன. இரண்டாவதில் ஏரி வெள்ளைத் தகடுபோல் கிடந்தது. மூன்றாவதில் ஓங்கிய மரம் ஒன்று கரிக்கட்டையாய் நின்றது.

"நேரில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா சார்! இது அப்பாவின் பழைய போன். விலை உயர்ந்த போனாக இருந்தால் நன்றாக விழுந்திருக்கும், இல்லையா?" என்றான்.

மாணவர்களே, உங்களில் பலருக்கும் இந்த ஏக்கம் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று படங்களிலும் காமிராவின் மேல் குற்றம் அதிகம் இல்லை. காமிரா பிடிப்பது மரத்தையோ ஏரியையோ அன்று. அவற்றிலிருந்து வரும் ஒளியை. அந்த ஒளியின் போக்கை அறிந்தவனுக்குப் பழைய போனும் போதும். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மலை ஏன் நீலமாயிற்று?

சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுகிறது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிக வேகமாகக் கூடும். அது அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது ராலே கண்ட விதி. 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீலம் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறும். வானம் நீலமாக இருப்பது இதனால்தான்.

இப்போது எதிரே உள்ள மலையைப் பாருங்கள். உங்களுக்கும் அதற்கும் இடையே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் சிதறும் நீல ஒளியும் மலையிலிருந்து வரும் ஒளியோடு கலந்து காமிராவுக்குள் நுழைகிறது. தூரம் கூடக்கூட இந்தக் கலப்படமும் கூடும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் நீலம் வெளிறிப் புகைமூட்டம் ஆகிவிடும்.

இதற்கு வழி என்ன? மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலையில் படம் எடுங்கள். சூரியனை எதிரே வைத்துக்கொள்ளாமல் பக்கவாட்டிலோ முதுகுப்புறமோ வைத்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ள ஒரு மரத்தையும் படத்தில் சேருங்கள். அப்போது மரம் கருமையாகவும், முதல் மலை சற்று வெளிறியும், அடுத்தது இன்னும் வெளிறியும் தோன்றும். குறையாக நினைத்த நீலமே படத்துக்கு ஆழம் கொடுத்துவிடும்.

ஏரி எப்போது கண்ணாடி ஆகும்?

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதன்று. மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் அமைத்தது. நம் ஊர் ஏரிகளைப் போலவே அதுவும் மனிதர் தேக்கிய நீர்தான். ஒளியியல் விதிகளும் இரண்டுக்கும் ஒன்றே.

நீரை நேர் செங்குத்தாகக் குனிந்து பார்த்தால், விழும் ஒளியில் 100-க்கு 2 பங்குதான் எதிரொளிக்கும். நீர்ப்பரப்போடு 10 பாகை சாய்வில் பார்த்தால் ஏறத்தாழ 35 பங்கு எதிரொளிக்கும். ஆகவே மரங்களின் பிம்பம் தண்ணீரில் பளிச்சென்று தெரிய வேண்டுமானால், கரையில் உட்கார்ந்து காமிராவை நீர் மட்டத்துக்கு அருகே தாழ்த்துங்கள். தண்ணீருக்குள் இருக்கும் கொடியையும் மீனையும் எடுக்க வேண்டுமானால், உயரமான கரையில் நின்று கீழ்நோக்கி எடுங்கள்.

நண்பகலில் காற்று வீசும். ஒவ்வொரு சிற்றலையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்த சிறு கண்ணாடி ஆகி, வானத்தின் ஒளியை நம் பக்கம் திருப்பும். மாணவனின் ஏரி வெள்ளைத் தகடானது அப்படித்தான். விடியற்காலையில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அசையாமல் கிடக்கும். ஏரி கண்ணாடியாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்தப் பளபளப்பைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. நீரில் எதிரொளித்த ஒளி பெரும்பாலும் கிடைத்தளத்தில் அதிரும். இதைத் தளவிளைவு என்கிறோம். படுகோணம் 53 பாகை ஆகும்போது தளவிளைவு முழுமை பெறுகிறது. இதுவே நீருக்குரிய புரூஸ்டர் கோணம். போலராய்டு கறுப்புக் கண்ணாடி கிடைத்தால் அதைக் காமிராவின் முன் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் பளபளப்பு மறைந்து, நீரின் உள்ளே இருப்பது தெரியும்.

நம் சி. வி. ராமன் இதே உத்தியைக் கையாண்டவர். 1921-இல் இங்கிலாந்து சென்று 'நார்க்குண்டா' கப்பலில் திரும்பும்போது, அவர் கையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே கருதியிருந்தார். ராமன் புரூஸ்டர் கோணத்தில் பட்டகத்தைச் சுழற்றிப் பரப்பில் எதிரொளித்த ஒளியை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னிலும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். 1928-இல் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டுசென்ற ஆராய்ச்சியில் இது ஒரு படி.

மரம் ஏன் கரியாயிற்று?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்று குறைவதால் நேர் வெயில் கடுமையாகும்; சிதறும் ஒளி குறைவதால் வானம் கருநீலமாகும். நிழலுக்கு வெளிச்சம் தருவது வானம்தானே? ஆகையால் தெளிந்த நாளில் மலையில் வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு சமவெளியில் இருப்பதைவிட அதிகம்.

நம் கண் வெளிச்சத்தைப் பார்க்கும்போது சுருங்கி, நிழலைப் பார்க்கும்போது விரிந்து, இரண்டையும் மூளையில் சேர்த்துக்கொள்கிறது. சாதாரணமாகக் காமிரா ஒரே அளவு ஒளியேற்றத்தில்தான் முழுக்காட்சியையும் பதிக்கிறது. வானத்துக்கு அளவு வைத்தால் மரம் கரியாகும். திரையில் மரத்தின் மேல் விரலை வைத்து அதற்கு அளவெடுத்தால் மரம் தெளியும், வானம் வெளுக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூடுபனி வந்துவிட்டதே என்று வருந்தாதீர்கள். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோல் சிதறடித்து, நாற்புறமிருந்தும் மென்மையான ஒளி தரும். மரப்பட்டையின் வெடிப்பும் பாசியும் அப்போது நன்றாக விழும். ஆனால் காமிரா வெண்மையைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பிரகாசத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஏரிக்கரையில்

இவற்றைப் பழக மலைக்குப் போகத் தேவையில்லை. சூரியன் தொடுவானில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போகச் செம்பொன் நிறம் மிஞ்சுகிறது. குத்தம்பாக்கத்து ஏரிக்கரைப் பனைமரத்தின் மேல் அந்த ஒளி விழும் பத்து நிமிடம், எந்த மலைக்காட்சிக்கும் குறைந்ததன்று. (லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.)

அந்த மாணவனுக்கு நான் சொன்ன கடைசி யோசனை இது: "தம்பி, ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு முறை ஏரியைப் படம் எடு. தேதி, நேரம், வானிலை மூன்றையும் குறித்து வை."

1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியனின் மாற்றங்களை அறிய அப்பழைய படங்கள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றுக்கு அந்த மதிப்பைத் தருவது, எடுத்த நாளும் நேரமும் உடன் எழுதப்பட்டிருப்பதே. நகரம் நெருங்கி வரும் ஊரில் ஏரியில் எந்த மாதம் எவ்வளவு நீர் நின்றது, கரையில் எத்தனை மரம் இருந்தது என்று பிற்காலத்தில் யாராவது கேட்பார்கள். பதில் உங்கள் படத்தில் இருக்கட்டும்.