மேற்கே சென்றவர்களின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை எடுத்த அதிகாரிகள், குடியேற்றம் நிறைந்த பிரதேசத்துக்கும், சதுர மைலுக்கு இருவர்கூட இல்லாத பிரதேசத்துக்கும் நடுவே அதுகாறும் தேசப்படத்தில் இழுத்துவந்த எல்லைக்கோட்டை இனி இழுப்பதற்கில்லை என்று தம் அறிக்கையில் சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சில வரிகளைப் பற்றிக்கொண்டு, 1893 ஜூலையில், சிகாகோ உலகப் பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய சரித்திராசிரியர் மகாநாட்டில், விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெடெரிக் ஜாக்ஸன் டர்னர் என்னும் முப்பத்தொரு வயது ஆசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். (சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்த ஸ்வாமிகள் பேசிய சர்வமத மகாசபையும், இரண்டு மாதம் கழித்து, இதே பொருட்காட்சியை ஒட்டிக் கூடியதுதான்.) அமெரிக்கரின் சுதந்திர உணர்ச்சிக்கும், தன் கையே தனக்குதவி என்னும் மனப்பான்மைக்கும், ஜனநாயகப் பற்றுக்கும் மூலம் ஐரோப்பாவில் இல்லையென்றும், மேற்கே ஏராளமாகக் கிடந்த நிலமும் தலைமுறைதோறும் அதை நோக்கி நகர்ந்த குடியானவனின் உழைப்புமே அவற்றை விளைவித்தன என்றும் அவர் சித்தாந்தம் செய்தார். பிறகு 1920-ல் நூலாகவும் வெளிவந்த இக்கட்டுரை, ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலம் அந்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களையெல்லாம் ஆட்சி செய்தது.

டர்னரின் கட்டுரையை இன்று படித்தாலும் அதன் வீச்சு நம்மை இழுக்கிறது. ஆனால் அந்த நிலம் அதற்குமுன் யாருடையது என்னும் கேள்வி அதில் ஓரமாகவே நின்றுவிடுகிறது. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1889 முதல் 1896 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட 'தி வின்னிங் ஆஃப் தி வெஸ்ட்' என்ற நூலோ, அந்தக் கேள்விக்குத் தயக்கமின்றி வென்றவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இத்துறையில் என்றும் நிற்கக்கூடிய நூல்கள், இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று விடை தேடியவர்கள் எழுதியவையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

கூண்டு வண்டிகளில் மாதக்கணக்கில் பிரயாணம் செய்து ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்றவர்களின் விருத்தாந்தத்தை எடுத்துக்கொள்வோம். 1846-ல் அவ்வழியின் ஒரு பகுதியில் சென்று, ஒக்லாலா சூ மக்களின் கூடாரங்களில் சில வாரங்கள் தங்கி, பிரான்ஸிஸ் பார்க்மன் எழுதிய 'தி ஓரிகன் டிரெயில்' (1849), கண்ணால் கண்டதைச் சொல்லும் நூல் என்பதால் சுவை மிக்கது. எனினும் தமக்கு விருந்தளித்த மக்களையே அவர் இளக்காரமாகப் பார்க்கும் இடங்கள் இன்று நெஞ்சை உறுத்தாமல் இரா. 1979-ல் வெளிவந்த ஜான் அன்ரூவின் 'தி பிளெயின்ஸ் அக்ராஸ்' வேறு வகையைச் சேர்ந்தது. நாட்குறிப்புகளையும் பத்திரிகைச் செய்திகளையும் சலித்தெடுத்து, 1840 முதல் 1860 வரை அவ்வழியே சென்ற ஏறத்தாழ 3 லட்சம் பேரில் பூர்வகுடிகளின் கையால் இறந்தவர்கள் 362 பேர் என்றும், யாத்திரிகர்களின் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். வாந்திபேதியும், ஆற்று வெள்ளமும், தம்முடைய துப்பாக்கியே தவறி வெடித்த விபத்துகளும் கொண்டுபோன உயிர்களோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. ஆற்றைக் கடத்திவிட்டவர்களாகவும், வழி காட்டியவர்களாகவும், பண்டம் மாற்றியவர்களாகவும் பூர்வகுடிகள் செய்த சகாயம் சிறிதன்று. சினிமாப் படங்கள் நம் மனத்தில் பதித்துவைத்திருக்கும் ஓயாத யுத்தக் காட்சி, இந்தக் கணக்கின் முன் நிற்க இயலாது. லில்லியன் ஷ்லிஸ்ஸல் 1982-ல் தொகுத்து ஆராய்ந்த பெண்களின் நாட்குறிப்புகளை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். வழியோரப் புதைகுழிகளை நாள்தோறும் எண்ணி எழுதிவந்தவர்கள் அந்தப் பெண்களே.

நிலத்தைப் போலவே நீரும் இச்சரித்திரத்தின் கதாபாத்திரம். 1862-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் என்று விதித்தது. மழை பெய்யும் கிழக்கே அது ஒரு குடும்பத்துக்குப் போதும். ஆண்டுக்கு 20 அங்குலம்கூட மழை காணாத மேற்கே, பாசனமும் இல்லாவிட்டால், அது பட்டினிக்கே வழி. உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவரும், 1869-ல் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைப் படகில் கடந்தவருமான ஜான் வெஸ்லி பவல், வறண்ட பிரதேசத்தில் மேய்ச்சல் பண்ணை ஒவ்வொன்றுக்கும் 2,560 ஏக்கர் வேண்டும், நீர்ப்பாசனப் பண்ணைக்கு 80 ஏக்கரே போதும் என்று 1878-ல் அறிக்கை எழுதி எச்சரித்தார். அவர் சொன்னது காங்கிரஸில் எடுபடவில்லை. அந்த மனிதரின் கதையை வாலஸ் ஸ்டெக்னர் 1954-ல் 'பியாண்ட் தி ஹண்ட்ரெத் மெரிடியன்' என்ற நூலில் கோபமும் பரிவும் கலந்து சொல்லியிருக்கிறார். மானாவாரி விவசாயம் பொய்த்துப்போவதன் வேதனையை அறிந்த எந்த வாசகரும் அந்நூலைப் பாதியில் கீழே வைக்கமாட்டார். முள்கம்பியும் காற்றாடி இயந்திரமும் ரிவால்வரும் வந்த பிறகே மரமற்ற சமவெளி குடியேற்றத்துக்கு வசப்பட்டது என்று வாதிடும் வால்ட்டர் பிரெஸ்காட் வெப்பின் 'தி கிரேட் பிளெயின்ஸ்' (1931) நூலும் இவ்வகையில் படிக்கத் தக்கதே.

என் மனத்தில் எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்தது ஆஞ்சி டெபோ என்னும் அம்மையாரின் நூல். 1830-களில் செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து சமூகத்தார் தென்கிழக்கிலிருந்த தம் ஊர்களை விட்டுத் துரத்தப்பட்டு, இன்றைய ஓக்லஹோமாவில் கொண்டுபோய் விடப்பட்டனர். நடத்திச் செல்லப்பட்ட ஏறத்தாழ 16,000 செரோக்கியரில் 4,000 பேர்வரை மாண்டனர் என்பர். புதிய நிலம் என்றென்றைக்கும் அவர்களுடையதென்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்த அரசாங்கமே, அந்த நூற்றாண்டு முடிவதற்குள், சமுதாயத்தின் பொதுச் சொத்தாக இருந்த அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் தனிப்பட்டாவாக்கச் சட்டம் செய்தது. பட்டா கைக்கு வந்ததும் கொள்ளை தொடங்கிற்று. நிலத்தின் கீழே எண்ணெய் ஊறுவது தெரிந்ததும், மைனர் குழந்தைகளின் பங்குக்கு நீதிமன்றங்கள் நியமித்த கார்டியன்கள், காக்க வேண்டிய சொத்தைக் கட்டணம் என்றும் குத்தகை என்றும் கிரயம் என்றும் தாமே விழுங்கினார்கள். இவையனைத்தையும் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே எடுத்து, பெயர்களை மறைக்காமல் 'அண்ட் ஸ்டில் தி வாட்டர்ஸ் ரன்' என்ற நூலாக டெபோ எழுதினார். குறிக்கப்பட்டவர்களில் சிலர் அப்போது உயிரோடும் செல்வாக்கோடும் இருந்தபடியால், பிரசுரிக்க ஒப்புக்கொண்டிருந்த ஓக்லஹோமா சர்வகலாசாலைப் பதிப்பகம் பின்வாங்கிற்று. 1940-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பதிப்பகம் அதை வெளியிட்டது. சொந்த மாகாணத்தின் சட்டசபை மாளிகையில் 1985-ல் அம்மையாரின் படத்தை மாட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 95.

பின்வந்தவர்களில் பெட்ரீஷியா லிமரிக் 1987-ல் இந்தச் சரித்திரம் முழுவதையும் நிலப் பறிப்பின் சரித்திரமாக எழுதிக் காட்டினார். பின்லாந்து நாட்டவரான பெக்கா ஹமலைனென், 'தி கொமாஞ்சி எம்பையர்' (2008) என்ற நூலில், ஸ்பெயின் நாட்டாரும் மெக்ஸிகோவினரும் காணிக்கை கொடுத்து நட்பு வேண்டிய ஒரு வல்லரசாகவே கொமாஞ்சியரை நிறுத்தியிருக்கிறார். இவ்வரிசையில் ஒன்றை மட்டுமே படிக்க அவகாசமுள்ளவர்களுக்கு நான் டெபோவின் நூலையே சொல்வேன். ஏனெனில் அவரும் 1899-ல், ஒன்பது வயதில், நிலம் தேடிப் போன பெற்றோருடன் கூண்டு வண்டியில் ஓக்லஹோமாவுக்கு வந்து சேர்ந்த குடியேற்றக்காரர் வீட்டுப் பெண்ணே.