நாற்சக்கர விசையுந்து

நாற்சக்கர விசையுந்து என்பது மணல், சேறு, புல்வெளி, கரடுமுரடான மண் தடம் ஆகியவற்றில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறு பொறியூர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது குவாட் பைக் என்றும், விற்பனையாளர்களால் ஏ.டி.வி. என்றும் அழைக்கப்படுகிறது. விசையுந்தில் அமர்வது போலவே இருபுறமும் கால்களைப் போட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி இதனை ஓட்டுவர். வேளாண்மை, படைத்துறை, மீட்புப் பணி எனப் பல துறைகளில் இது பயன்படுகிறது. எனினும் தமிழ்நாட்டில் வார இறுதியில் நண்பர்கள் குழுவாகச் சென்று, பணம் கட்டி ஓட்டும் பொழுதுபோக்கு ஊர்தியாகவே இது பெரிதும் அறியப்படுகிறது.

சக்கரங்கள் நான்கு இருப்பதால் இது கவிழாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இவ்வகை ஊர்தியால் ஏற்படும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு ஊர்தி கவிழ்வதாலேயே நேர்கிறது. அதற்கான காரணம் எளிய இயற்பியலே ஆகும்.

வரலாறு

இதன் முன்னோடி ஒரு மூன்று சக்கர ஊர்தி. குளிர்காலத்தில் விசையுந்து விற்பனை குறைவதை ஈடுகட்ட ஏதேனும் ஒரு பொருள் வேண்டும் என அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்டதன் பேரில், ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970 இல் பருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்களைக் கொண்ட மூன்று சக்கர ஊர்தி ஒன்றை வெளியிட்டது. 1971 இல் வந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்றிலும் இது இடம்பெற்றதால் விரைவில் புகழ்பெற்றது. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

மூன்று சக்கர ஊர்திகளால் நேர்ந்த விபத்துகள் பெருகியமையால், 1988 இல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே நீதிமன்ற வழியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. 90 கன செ.மீ. கொள்ளளவுக்கு மேற்பட்ட பொறியுள்ள ஊர்திகளை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கெனப் பரிந்துரைப்பதில்லை என்றும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2008 இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய மூன்று சக்கர ஊர்திகளின் இறக்குமதியையும் விற்பனையையும் அந்நாட்டில் தடை செய்தது.

இந்தியாவில் அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் 2011 இல் விற்பனையைத் தொடங்கிய பிறகே இவ்வூர்தி பரவலாகத் தெரிய வந்தது. இந்தியத் தரைப்படையும் லடாக் போன்ற சாலையற்ற எல்லைப் பகுதிகளில் இதனைப் பயன்படுத்துகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2007 முதல் பாகா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்காக உருவாக்கும் ஒற்றை இருக்கை ஊர்திகளையும் ஏ.டி.வி. என்றே அழைப்பர். ஆயினும் அவை வேறு இனம். அவற்றில் சுழல் சக்கரம், இருக்கைப் பட்டை, ஓட்டுநரைச் சூழ்ந்த குழாய்க் கூடு ஆகியவை உண்டு. நாற்சக்கர விசையுந்தில் இம்மூன்றும் இல்லை. பின்வரும் கணக்குகளைப் படிக்கும்போது மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நன்று.

அமைப்பு

மகிழுந்தின் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. இருக்கும். நாற்சக்கர விசையுந்தின் டயரிலோ அது பொதுவாக 3 முதல் 7 பி.எஸ்.ஐ. மட்டுமே. அழுத்தம் குறைவாக இருப்பதால் டயர் தரையில் பரந்து படிகிறது. சதுர அங்குலத்துக்கு இறங்கும் சுமை குறைகிறது. மகிழுந்து புதையும் மணலில் இது மிதப்பது போல் செல்வதற்கு இதுவே காரணம்.

முடுக்கி, விசையுந்தில் உள்ளது போல் கைப்பிடியை முறுக்குவதாக அமையாமல், வலக்கைப் பெருவிரலால் தள்ளும் நெம்புகோலாக இருக்கும். மேடு பள்ளத்தில் உடல் பின்னோக்கிச் சாயும்போது முறுக்கும் கைப்பிடி தானாகத் திறந்து கொள்ளும் என்பதால் இவ்வாறு அமைக்கப்பட்டது. வாடகை ஊர்திகள் பலவற்றில் இந்நெம்புகோலின் நகர்வைக் கட்டுப்படுத்தும் சிறு திருகு ஒன்று உண்டு. புதியவர் ஓட்டும்போது அதை இறுக்கி வேகத்தைக் குறைத்து வைக்கலாம். நல்ல நடத்துநர்களை இத்திருகைக் கொண்டே அடையாளம் காணலாம்.

பெரும்பாலான ஊர்திகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். மகிழுந்தில் உள்ள டிஃபரன்ஷியல் எனப்படும் பல்லிணை அமைப்பு இதில் இல்லை. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தொலைவு செல்ல வேண்டியிருக்க, இங்கு இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே ஏதேனும் ஒரு டயர் வழுக்கியே ஆக வேண்டும். மணலில் அது எளிதில் வழுக்கும். தார்ச்சாலையில் வழுக்காது, ஊர்தி வளைய மறுத்து நேரே செல்ல முற்படும். ஓட்டுநர் பதறிப்போய்க் கைப்பிடியை மேலும் திருப்ப, முன் டயர்கள் திடீரெனப் பற்றிக்கொள்ளும்போது ஊர்தி புரள்கிறது. வழவழப்பான சாலையே பாதுகாப்பானது எனக் கருதிக் கடைசி நூறு மீட்டரைத் தார்ச்சாலையில் கடப்போர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

கவிழும் கோணம்

ஓர் ஊர்தியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையும் கோடு சக்கரங்களுக்கு வெளியே விழுந்தால் அது கவிழும். ஆகவே இடம்-வலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், கவிழும் கோணத்தின் டேன் மதிப்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 250 கி.கி. எடையும், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், 90 செ.மீ. சக்கர அகலமும் கொண்ட ஊர்தியைக் கொள்வோம். ஆளில்லாத நிலையில் 45/50, அதாவது ஏறத்தாழ 42 பாகை. இதில் 70 கி.கி. எடையுள்ள ஒருவர் அமர்கிறார். அவரது ஈர்ப்பு மையம் 110 செ.மீ. உயரத்தில் உள்ளது. இப்போது கூட்டு ஈர்ப்பு மையம் 63 செ.மீ. உயரத்துக்கு ஏறுகிறது. கவிழும் கோணம் 35 பாகையளவாகக் குறைகிறது. அதே எடையுள்ள நண்பர் ஒருவரும் பின்னால் ஏறிக்கொண்டால் மையம் ஏறத்தாழ 72 செ.மீ. ஆகி, கோணம் 32 பாகையாகிறது. பின்னால் அமர்பவரின் எடை பின் அச்சின் மீதோ அதற்கும் பின்னோ விழுவதால், ஏற்றத்தில் ஊர்தி பின்பக்கமாக மல்லாந்து விழும் ஆபத்தும் சேர்ந்து கொள்கிறது. ஒற்றை இருக்கை ஊர்திகளில் இரண்டாமவரை ஏற்றலாகாது என்ற விதி இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது.

மாறாக, ஓட்டுநர் தனியே இருந்து, சரிவின் மேட்டுப் பக்கமாகத் தம் உடலை 30 செ.மீ. நகர்த்தினால் கூட்டு மையம் ஏறத்தாழ 6.5 செ.மீ. நகர்ந்து, கோணம் 39 பாகையாக உயர்கிறது. அதாவது சாயத் தெரிந்தவருக்கு நான்கு பாகை கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறது. சாய அஞ்சி விறைத்து அமர்ந்திருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. மகிழுந்தின் நிலைப்பு அதன் வடிவத்தில் உள்ளது. இவ்வூர்தியின் நிலைப்பிலோ ஒரு பங்கு ஓட்டுபவரின் இடுப்பிலும் தொடையிலும் உள்ளது.

வளைவிலும் இதே விகிதம் செயற்படுகிறது. மேற்கண்ட ஊர்தி, டயர் வழுக்காத தரையில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தை எட்டும்போதே உட்சக்கரங்கள் தரையை விட்டு எழத் தொடங்கும். இவை யாவும் டயர் நசுங்காது எனக் கொண்டு பெற்ற எண்கள். காற்றழுத்தம் குறைந்த டயர் ஒரு பக்கமாக நசுங்குவதால் உண்மைக் கோணங்கள் இவற்றினும் குறைவாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஆடுமாடுகளை மேய்க்க இவ்வூர்தி பெருமளவில் பயன்படுகிறது. 2010களில் அந்நாட்டுப் பண்ணை விபத்து உயிரிழப்புகளுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இது இருந்தது. புரண்ட ஊர்தியின் அடியில் சிக்கி, மார்பு அழுந்தி, மூச்சுவிட இயலாமல் இறந்தோர் பலர். 2019 இல் அந்நாடு கட்டாயப் பாதுகாப்புத் தரம் ஒன்றை அறிவித்தது. 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு ஊர்திகளில் ஓட்டுநருக்குப் பின்னால் வளைவான காப்புச் சட்டம் இருத்தல் வேண்டும், பக்கவாட்டில் 28.81 பாகைக்குக் குறைந்த சாய்வில் அவை கவிழக்கூடாது. இச்சட்டத்தை எதிர்த்த ஹோண்டா, யமஹா உள்ளிட்ட நிறுவனங்கள் அங்கே நாற்சக்கர விசையுந்து விற்பனையையே கைவிட்டன. பயிற்சியும் தலைக்கவசமும் போதும் என்பது அவற்றின் வாதம். மேலே கண்ட நான்கு பாகையை மட்டும் நோக்கினால் அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பவருக்கு அப்பயிற்சியைப் பெற நேரம் ஏது?

குழுப் பயணம்

சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மலை வாழிடங்களிலும் உள்ள சில கேளிக்கைத் தலங்கள், வேலியிட்ட தடங்களில் இவ்வூர்தியை வாடகைக்குத் தருகின்றன. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழர்களுக்குத் துபாய்–ஹத்தா சாலையில் உள்ள அல் பதாயர் மணற்குன்றுகள் அறிமுகமானவை.

குழுவில் அனுபவமிக்கவர் ஒருவர் முன்னும், இன்னொருவர் கடைசியிலும் செல்வது மரபு. புழுதியில் முன்னிருப்பவர் மறைவதால் இடைவெளி மிகுதியாக விட வேண்டும். மணல்மேட்டின் உச்சியை ஒருவர் கடந்து, மறுபுறம் விலகிய பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். குழுவின் வேகத்தை அதன் மிகப் புதியவரே தீர்மானிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நண்பர்களிடையே முதலில் மீறப்படுவதும் அதுவே. ஏற்றத்தின் நடுவில் பொறி நின்றுவிட்டால் ஊர்தியைக் குறுக்கே திருப்பலாகாது. தடையை அழுத்தியபடி மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். ஊர்தியைக் காக்க முயன்று அதன் கீழ்ப்பக்கம் நிற்பது உயிருக்கே தீங்காகலாம்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி பதிவு செய்யப்படாத மோட்டார் ஊர்தியைப் பொது இடத்தில் ஓட்டுதல் குற்றமாகும். பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எவ்விடமும் பொது இடமே என அச்சட்டம் வரையறுக்கிறது. அது தார்ச்சாலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் விற்கப்படும் இவ்வூர்திகளில் பெரும்பாலானவை சாலைப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறாதவை. டிராக்டர் வகையாக ஒப்புதல் பெற்ற போலாரிஸ் ஊர்தி போன்றவை விதிவிலக்கு. பதிவும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் இல்லாத ஊர்தி வழிப்போக்கர் ஒருவர் மீது மோதினால், இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் எதுவும் இராது.

தென்பெண்ணைப் படுகையும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவ்வூர்திக்கெனவே அமைந்தவை போலத் தோன்றும் இரு நிலப்பகுதிகள் உள்ளன. ஒன்று, தென்பெண்ணையின் தென்கரையில் உள்ள மணலூர்பேட்டையை ஒட்டிய ஆற்று மணல். கோடையில் நீரின்றிப் பரந்து கிடக்கும் இப்படுகை காலியிடம் அன்று. தை மாதம் 5 ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி காணும் ஆற்றுத் திருவிழாவிற்குச் சுற்றுவட்டார மக்கள் கூடும் இடம் இது; மற்ற நாள்களில் கால்நடைகள் நடமாடும் இடமும் கூட. மணல் எடுத்த ஆற்றுப் படுகைகளில் விளிம்பு சரியும் பள்ளங்கள் இருப்பதுண்டு. சமதளம் என நம்பி வேகமாக வரும் ஊர்திக்கு அவை கண்ணில் படுவதில்லை. மேற்கே சாத்தனூர் அணை உள்ளது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையின்போது, அங்கிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டு, ஆற்றின் இருகரையிலும் பெருஞ்சேதம் விளைந்தது.

மற்றொன்று, மாவட்டத்தின் மேற்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலை. ஏறத்தாழ 2000 முதல் 4000 அடி உயரம் கொண்ட இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை, தினை, மரவள்ளி ஆகியன வேலியற்ற சரிவுகளில் பயிரிடப்படுகின்றன. வெளியாளுக்குத் தரிசாகத் தோன்றும் சரிவு, அறுவடை முடிந்த வயலாக இருக்கக்கூடும். பள்ளம் விழுந்த டயர்த் தடம் அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகி மேல்மண்ணை அரித்துச் செல்லும். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படி அங்கு இசைவின்றி நுழைதலே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் உயிரிழந்த பிறகு, நடந்து செல்வோருக்கே தனி விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே இம்மலையில் இவ்வூர்தியை ஓட்ட விரும்புவோருக்கு எஞ்சியிருப்பது, உரிமையாளரின் இசைவு பெற்ற, எல்லை வரையறுக்கப்பட்ட பட்டா நிலம் மட்டுமே.