வியட்நாம் போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைத் திறங்க!

சிங்கப்பூர் பார்த்தாச்சு, இலங்கை பார்த்தாச்சு, இந்த லீவுக்கு வியட்நாம் போகலாமா என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டதா? பேச்சு வந்ததுமே நம் கை போனில் தேடுவது விமான டிக்கெட் விலையைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போகப்போகிற எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். பழக்கமில்லாத நாட்டுக்குக் குடும்பமாகப் போகும்போது பயணம் நின்றுபோனால், அது பெரும்பாலும் விமான நிலைய கவுன்டரில்தான் நிற்கும். காரணம் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும்.

முதலில் தேதி. வியட்நாம் போக, பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்கணும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குச் செல்லும். பிள்ளைகளுக்குப் பொதுவாக 5 ஆண்டு அல்லது 18 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். குடும்பமே ஒரே நாளில் எடுத்திருந்தாலும் குழந்தையின் பாஸ்போர்ட்தான் முதலில் முடியும்.

புதிதாக எடுக்க 'எம்-பாஸ்போர்ட் சேவா' செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். சிறுவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'இணைப்பு டி' உறுதிமொழி வேண்டும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தை என்றால், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம். அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்தவுடன் பதிவு செய்துவிட்டு, பெயர் சேர்க்காமலே விட்ட குடும்பங்கள் நிறைய. பிறப்பைப் பதிவு செய்த அதே அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். உதாரணத்துக்கு செ. முருகன் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் 'செல்லப்பன்'. மனைவி தேவிக்கு அந்தக் கட்டமே காலி. மகன் கவினுக்குக் குடும்பப் பெயர் 'முருகன்'. ஒரே வீடு, மூணு பேருக்கும் மூணு விதம்! இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் டிக்கெட் போடும்போது எல்லோருக்கும் 'செல்லப்பன்' என்று போட்டுவிட்டால், அங்கேதான் வம்பு ஆரம்பம்.

விமான நிறுவனத்தின் படிவம் 'கடைசிப் பெயர்' இல்லாமல் நகராது. கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி சொல்லும். சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு தருவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நீங்களாக ஒரு இனிஷியலைச் சேர்க்காதீர்கள்.

இது வெறும் எழுத்துப் பிழை சமாசாரம் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு சில தளர்வுகள் வந்தன. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு விதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வியட்நாமின் இ-விசா படிவத்திலும் இதே கவனம் தேவை. போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் குறிகளோடு இரண்டு வரி இருக்கும். பெயரை அதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கைக்குழந்தைக்கும் தனி விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டு வியட்நாம் திரும்புவதாக இருந்தால், பலமுறை விசாதான் வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பி வராது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கும் தளங்களும் உண்டு. அசல் தளத்தின் முகவரி 'கவ் டாட் வி.என்' என்று முடியும். அதை மட்டும் நம்புங்கள்.

எங்கே, எப்போது?

வியட்நாம் நீளமான நாடு. வடக்கே ஹனோயில் இருந்து தெற்கே ஹோ சி மின் நகரம் வரை ரயில் பாதை 1,726 கி.மீ., பயணம் 30 மணி நேரத்துக்கு மேல். ஆறு நாளில் மூன்று பகுதியையும் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்தால், தாத்தா பாட்டியை நினைத்துப் பாருங்கள். பாதி நேரம் விமான நிலையத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பகுதி, மிஞ்சினால் இரண்டு போதும்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது நடுப்பகுதி. டா நாங் கடற்கரை, பழைய வணிகத் துறைமுகமான ஹோய் ஆன், அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் மி சன். சம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் அங்கே இருக்கின்றன. வியட்நாம் போரில் குண்டுவீச்சில் பல சிதைந்தன. ஒரு பகுதியைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் சும்மா விடாது.

ஆனால் காலாண்டு விடுமுறையில் இந்தப் பக்கம் வேண்டாம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளமே வரும். அரையாண்டு விடுமுறை என்றால் தெற்கே போங்கள். ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வரும் 'டெட்' புத்தாண்டில் கடைகள் பல மூடியிருக்கும், விசா அலுவலகமும் வேலை செய்யாது.

பணம் விஷயத்தில் பூஜ்ஜியங்கள் குழப்பும். ஒரு ரூபாய் சுமார் 300 டாங். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம்! டாக்ஸியில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போச்சு. பெரிய நோட்டைத் தனியாக வையுங்கள். நம்ம யு.பி.ஐ.யை நம்பிப் போக வேண்டாம், கார்டும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுபவர்கள் 'சாய்' என்ற சொல்லை மனப்பாடம் பண்ணிக்கோங்க. அந்தப் பலகை உள்ள கடையில் சைவச் சாப்பாடு. மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்குங்கள். பிறகு ஹனோயில் உள்ள இந்தியத் தூதரகத்தையோ, ஹோ சி மின் நகரில் உள்ள துணைத் தூதரகத்தையோ அணுகினால் ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள். வியட்நாம் குடியேற்றத் துறையின் வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும், அதற்குச் சில நாள் ஆகலாம். ஆகவே கிளம்புவதற்கு முன்பே இரண்டு அலுவலகங்களின் எண்ணையும் போனில் சேமியுங்கள். அப்பாவின் பாஸ்போர்ட் நகல் அம்மாவின் பையிலும், அம்மாவுடையது அப்பாவின் பையிலும் இருக்கட்டும்.