வால் சக்கர விமானம்: வானேறும் முன்னே வரும் கண்டம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். ஒரு காலத்தில் கார் பந்தயத்துக்குப் பேர்போன அங்குள்ள தளம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம். அன்றைய சிறு விமானங்களில் பெரும்பாலானவை வால் சக்கர வகை. முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே உள்ள ஓடுதளம் விமானிக்குச் சரியாகத் தெரியாது. ஓரத்தைப் பார்த்துத்தான் நேர்கோடு பிடிக்க வேண்டும்.

இந்த விமானம் புறப்பட ஓடும் சில நொடிகளில் கைமீறிப் போவது ஏன்? இதன் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் கன்டெய்னர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இழுக்கும்போது ஒழுங்காக வரும் டிரெய்லர், பின்னால் தள்ளும்போது ஒரு சாண் விலகினால் விலகிக்கொண்டே போகும். விமானத்திலும் அப்படித்தான்: மூக்கு சற்றே திரும்பினால் பின்னாலுள்ள எடை அதை மேலும் திருப்பும். விட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றிவிடும். விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் முறியும்.

திருப்பத்தைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் புரொப்பல்லர். இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியதும் புரொப்பல்லர் சுழற்றிவிடும் காற்று வாலின் செங்குத்துப் பலகையின் ஒரு பக்கத்தில் மோதும். வேகம் கூடி வால் மேலெழும் கணத்தில் சுழலும் புரொப்பல்லர் இன்னொரு உதை கொடுக்கும். ஹெச்.ஏ.எல். தயாரித்து, 1958-ல் முதலில் பறந்து, நம் பறக்கும் கழகங்களில் பலரை விமானியாக்கிய புஷ்பக் இடப்பக்கம் இழுக்கும். அதற்கு முந்தைய டைகர் மாத் வலப்பக்கம் இழுக்கும். அதன் புரொப்பல்லர் எதிர்த்திசையில் சுற்றுகிறது. போதாததற்கு டைகர் மாத்தில் பிரேக்கும் இல்லை, வாலடியில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டைதான். ஒன்றில் பழகிய கால், மற்றொன்றில் ஏறியதும் திசை திருப்பும் பெடல்களில் தவறானதை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு பக்கக் காற்றும் சேரும். நம் கடலோரத்தில் கோடைப் பிற்பகல்களில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். வடக்கு-தெற்காக அமைந்த ஓடுதளமானால், அது வாலைத் தள்ளி மூக்கைக் கடல் பக்கம் திருப்பப் பார்க்கும்.

அனுபவசாலிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1937 மார்ச் 20 அன்று உலகைச் சுற்றும் பயணத்தில் ஹவாயிலிருந்து கிளம்பினார் அமெரிக்க விமானி அமீலியா எர்ஹார்ட். எரிபொருள் நிரம்பிய அவரது லாக்ஹீட் எலெக்ட்ரா இரட்டை இன்ஜின் விமானம். அதுவும் வால் சக்கர வகைதான். விமானம் வலப்பக்கம் விலக, அதைத் திருத்த இடது இன்ஜினின் விசையைக் குறைத்தார். உடனே அது இடப்பக்கம் சுழன்று, சக்கரக் கால் ஒடிந்து, வயிற்றால் தேய்த்துக்கொண்டு நின்றது. விமானத்தில் இருந்த மூவரும் உயிர் தப்பினார்கள். டயர் வெடித்ததா, திருத்தம் மிகையானதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

தற்காப்பு காலில் இருக்கிறது. த்ராட்டிலை நிதானமாகத் தள்ள வேண்டும். பெடல்கள் அசைக்கும் வால் பலகையான ரடருக்குக் காற்றுப் பிடிக்கும்வரை ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வால் சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்க வேண்டும். விலகல் கண்ணுக்குத் தெரியும் முன்பே சின்னச் சின்ன மிதிகளால் திருத்த வேண்டும். பெரிய மிதி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடும். நேர்கோடு தவறினால் த்ராட்டிலை மூடிவிடுவதே புத்திசாலித்தனம். பதறிப்போய், போதிய வேகமில்லாமல் விமானத்தைத் தரையிலிருந்து பிடுங்குவது இன்னும் ஆபத்து. இறக்கை தாங்காமல் விமானம் விழுந்துவிடும்.

இன்று பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காண்பது செஸ்னா போன்ற மூக்குச் சக்கர விமானங்கள். அவை பெருமளவு தாமாகவே நேராக ஓடும். அதனால் காலுக்கு அந்தத் திருத்தும் பழக்கம் வருவதில்லை. அமெரிக்காவில் 1991 ஏப்ரலுக்கு முன்பே வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியவர்களைத் தவிர மற்றவர்கள், பக்கக் காற்றில் கிளம்புவது உட்பட, தனிப் பயிற்சி பெற்று பயிற்றுநரின் கையெழுத்தையும் வாங்கியாக வேண்டும். பழைய விமானத்தில் ஏற ஆசைப்படும் நம் இளைஞர்களும் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டே த்ராட்டிலில் கைவைக்க வேண்டும்.